ஐம்பதில் வளைந்த ஊர்

சிவகாசிக்குப் போகிறவர்கள் திருத்தங்கலில் இறங்குவதில்லை. விருதுநகரிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையில் சிவகாசிக்கு முந்தின ஸ்டேஷன் அது. ஜன்னல் வழியே ஒரு சிறு குன்றும் அதன்மேல் கோயிலும் தெரிகின்றன. "அது என்ன கோயில்?" என்று யாராவது கேட்டு, இன்னொருவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குன்று பின்னால் போய்விடுகிறது. பட்டாசு வாங்கப் போகிற அவசரத்தில் பெருமாளை யார் கவனிக்கிறார்கள்!

நாம் இறங்கிவிடுவோம்.

2021-ம் வருஷம் வரையில் திருத்தங்கல் தனி நகராட்சி. அந்த வருஷம் சிவகாசி மாநகராட்சியானபோது இந்த ஊரையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால், "எந்த ஊர்?" என்று இங்கே யாரையாவது கேட்டுப் பாருங்கள். "சிவகாசி" என்று பதில் வராது. "திருத்தங்கல்" என்று அழுத்தமாகவே வரும். இரண்டாயிரம் வருஷத்துப் பெயரை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பார்களா?

குன்றுக்குத் தங்கால மலை என்று பெயர். மலை என்றால் பயந்துவிட வேண்டாம். முழங்கால் வலிக்கிற பாட்டிமார்கள்கூட நின்று நின்று ஏறிவிடலாம். மேலே நின்ற நாராயணப் பெருமாள், பெயருக்கேற்ப நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த ஸ்தலம். ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவி மூவருக்குள்ளும் யார் உயர்ந்தவர் என்ற தர்க்கம் எழுந்ததாம். அதன் பேரில் ஸ்ரீதேவி இங்கே வந்து தங்கித் தவம் செய்தாளாம். திரு தங்கியதால் திருத்தங்கல் என்கிறது ஸ்தல புராணம். அதே குன்றில் கருநெல்லிநாதர் என்ற பெயரோடு சிவபெருமானும், முருகனும் இருக்கிறார்கள். ஒரு குன்றில் இரண்டு குடித்தனம். சண்டை சச்சரவு இருப்பதாகத் தெரியவில்லை.

கோயிலைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் நான் இந்த ஊருக்கு வந்த காரணம் வேறு. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி அடிக்கடி அடிபடுகிறதே, அதைக் கொஞ்சம் பரீட்சை பண்ணிப் பார்க்கத்தான் வந்தேன். மருமகள் கைபேசியில் பணம் அனுப்பக் கற்றுக் கொடுக்க வந்தால், "இனிமேல் எனக்கு எதற்கம்மா இதெல்லாம்?" என்று மாமியார் ஒதுங்கிக்கொள்கிறார். அதற்குச் சாட்சி கூப்பிடுகிற பழமொழியும் இதுதான். நம் வீட்டில் அது ஒரு சாக்கு. திருத்தங்கலில் அது வயிற்றுப்பாடு, சில சமயம் உயிர்ப்பாடு.

இந்த ஊருக்கும் கல்விக்கும் உள்ள சம்பந்தம் சிலப்பதிகாரத்திலேயே தொடங்குகிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கதை சொல்கிறதல்லவா? அதில் வருகிற 'தங்கால்' இந்தத் திருத்தங்கல்தான் என்று கொள்கிறார்கள். சோழ நாட்டிலிருந்து பராசரன் என்ற வேதியர் சேர மன்னனிடம் போய்ப் பெரும் பரிசு பெற்றுத் திரும்புகிறார். வழியில் தங்காலில் ஓர் அரச மரத்தடியில் இளைப்பாறுகிறார். பிள்ளைகள் கூடி விளையாடுகிறார்கள். "என்னோடு சேர்ந்து வேதம் ஓதுங்கள், பார்க்கலாம், ஓதினால் இந்த மூட்டை உங்களுக்கு" என்கிறார் அவர். தக்கிணன் என்ற சின்னப் பையன், மழலை மாறாத வாயால், பிசகில்லாமல் ஓதிவிடுகிறான். பராசரர் மகிழ்ந்துபோய் நகைகளை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அப்புறம்தான் வினை. பையனின் அப்பா வார்த்திகனிடம் திடீரென்று இத்தனை நகை எப்படி வந்தது என்று அரசனின் ஆட்களுக்குச் சந்தேகம். புதையலை எடுத்து ஒளித்துவிட்டான் என்று சொல்லிச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, தவறு நேர்ந்ததை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் இறையிலியாகக் கொடுக்கிறான்.

சங்கப் புலவர்களில் தங்காற் பொற்கொல்லனார் என்று ஒருவர் உண்டு. அகநானூற்றிலும் புறநானூற்றிலும் அவர் பாட்டு இருக்கிறது. தங்க வேலை செய்கிற கை எழுத்தாணியையும் பிடித்திருக்கிறது என்று பெயரே சொல்லுகிறது. கைத்தொழிலும் எழுத்தும் ஒரே ஆளிடம் குடியிருந்த ஊர் இது. பிற்காலத்தில், அதுவும் பெண்கள் விஷயத்தில், அந்த இரண்டும் பிரிந்து போனதுதான் நான் சொல்ல வந்த கதை.

கரிசல் காட்டில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. மழை பெய்வதோ அபூர்வம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, பெட்டிக்கு ஒட்டும் லேபிளிலிருந்து அச்சுத் தொழில் என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வளர்ந்தது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரம் முழுவதற்கும் இன்று சோறு போடுவது அந்தக் கல்கத்தாப் படிப்புதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அந்தச் சோற்றுக்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குவதற்குப் பிஞ்சு விரல்கள்தான் தோது என்று முதலாளிகள் நினைத்தார்கள். வீட்டுக்கும் அந்தக் காசு வேண்டியிருந்தது. விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு குழந்தைகள் ஏறிக்கொள்ளும். அதிலும் பெண் குழந்தைகளே அதிகம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம், சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றுவிட்டது. ஐந்தில் வளைந்த விரல்கள்தான். ஆனால் சட்டத்தில் குச்சி அடுக்க வளைந்தனவே தவிர, சிலேட்டில் 'அ' எழுத வளையவில்லை.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு அம்மாளை ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சந்தித்தேன். வயது ஐம்பத்தேழு. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. மூக்குக் கண்ணாடி நுனி மூக்குக்கு இறங்கியிருக்க, நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"எப்ப வேலைக்குப் போனீங்க, பெரியம்மா?"

"எட்டு வயசுல, தாயி. தீப்பெட்டி ஆபீஸுல கட்டை அடுக்கப் போனேன். பொறவு பயர் ஆபீஸு. இருபத்தஞ்சு வருசம் சரம் பின்னுனேன். கண்ணை மூடிக்கிட்டுப் பின்னுவேன். என் கை வேகத்துக்கு எங்க ஆபீஸுல ஆள் கிடையாது!"

அதைச் சொன்னபோது அந்த முகத்தில் வந்த களை இருக்கிறதே, சங்கீத வித்வான்கள் தங்கள் கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது வருமே, அதே களைதான்.

எழுத்தின் பக்கம் அவர் வந்தது இது முதல் தடவை அல்ல. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் அறிவொளி இயக்கம் நடந்தது அநேகருக்கு நினைவிருக்கும். விருதுநகர் மாவட்டத்துக்கு அப்போது காமராசர் மாவட்டம் என்று பெயர். மரத்தடியிலும் தெருவிளக்கின் கீழும் தொண்டர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குப் போல 'அ, ஆ' என்று தொடங்காமல், பட்டா, படி என்று பெரியவர்களின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து எழுத்துக்களைப் பிரித்துக் காட்டினார்கள். நல்ல யோசனை. நாற்பது வயது மனுஷியை உட்காரவைத்து 'அணில், ஆடு' என்றால் சிரிப்பு வராதா? அதே காலத்தில் புதுக்கோட்டையில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளிப் பெண்கள் ஆயிரக் கணக்கில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பின்னால் குடத்தையும் முன்னால் குழந்தையையும் வைத்துக்கொண்டு அவர்கள் மிதித்துப் போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நாளில் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டது. வளர்ந்த பெண்ணின் கையும் காலும் புதிதாக ஒன்றைப் பழகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் பெரியம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கொண்டார். பிறகு வகுப்பு நின்றுபோயிற்று; ஆபீஸில் சம்பளத்துக்குக் கைநாட்டே போதும் என்றார்கள். இரண்டு வருஷத்தில் எழுத்தும் மறந்துபோயிற்று. சைக்கிள் மறப்பதில்லை, ஏனென்றால் தினம் ஏறுகிறோம். எழுத்துக்கு அப்படி ஒரு தினசரி வேலை கொடுக்காவிட்டால் அது கோபித்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்தத் தாழ்வாரத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கவலை: "பேரப் பிள்ளைக கேலி பண்ணுதுக." அவர்களுக்குப் பக்கத்து விருதுநகர்க்காரர் ஒருவரைச் சொல்லலாம். காமராஜ் 1903-ல் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஜவுளிக் கடையில் உட்கார வைத்தார்கள். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கிப் பல முறை சிறை சென்றார். அங்கேதான் புத்தகமும் பத்திரிகையுமாக உட்கார்ந்து ஆங்கிலத்தைப் பழக்கிக்கொண்டார். 1954-ல் முதலமைச்சர் ஆனபோது வயது ஐம்பது. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு மதியச் சோறு போட்டவருக்கே பள்ளிக்கூடம் கிடைத்தது அவ்வளவுதான்! சிறையிலாவது மேற்பார்வைக்கு வார்டர்கள் இருந்தார்கள். படிக்கிற நேரத்தில் அடுப்படியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இந்தப் பெண்களுக்கு அந்த வசதிகூடக் கிடையாது.

மறுபடி பட்டாசுக்கு வருவோம். 2018 அக்டோபர் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காற்று கெடுவதைக் குறைப்பதற்காகப் பசுமைப் பட்டாசு மட்டுமே செய்ய வேண்டும், பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது. நாகபுரியில் உள்ள நீரி என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் புது மருந்துக் கலவைகளை வகுத்துக் கொடுத்தது. வழக்கமான பட்டாசைவிடப் புகைத் தூசி முப்பது சதவிகிதமாவது குறைய வேண்டும் என்பது கணக்கு. 2021-ல் அதே நீதிமன்றம் பேரியத் தடையை மறுபடியும் வற்புறுத்தியது. டில்லியில் மூச்சுத் திணறும் குழந்தைகளை நினைத்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் சரவெடியின் சத்தத்தை மட்டும் நினைக்கிறோம். அதைப் பின்னிய கைகளை நினைப்பதில்லை.

சரம் பின்னுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலோடு சேர்த்து, பூத் தொடுப்பதுபோல் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் காலையில் அந்த வித்தை செல்லாக் காசாகிவிட்டது. அப்போது நம் பெரியம்மாவுக்கு ஐம்பது வயது. பேன்சி ரகம் செய்கிற பக்கத்துக்கு மாற்றினார்கள். காகிதக் குழாய்களை வரிசையாக ஒட்டி, குழாய்க்குக் குழாய் திரி இணைத்து, வானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி செய்யும் வேலை.

"புதுசு கஷ்டமா இருந்துச்சா?"

"புதுசு கஷ்டமில்ல, தாயி. பழசுதான் கஷ்டம். கை தன்னால பழைய பின்னலுக்கே போகுது. அதை இழுத்துப் பிடிக்கணும்ல?"

எனக்கு இந்தப் பதில் எந்த மனோதத்துவப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாகப் பட்டது. குழந்தை வெறும் சிலேட்டில் எழுதுகிறது. பெரியவர்கள் ஏற்கெனவே எழுதியிருப்பதை அழித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இங்கே கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை செய்தாயோ அத்தனைக்குக் காசு. சரத்தில் பறந்த கை புது வேலையில் தடுமாறும்போது கூலி பாதியாகிறது. நகரத்தில் நாம் வீணை வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் பீஸ் கட்டுகிறோம். இவர்கள் கட்டுகிற பீஸ், சனிக்கிழமைச் சம்பளக் கவரில் குறைகிற நோட்டுகள். பெரியம்மாவுக்குப் பழைய கூலி திரும்ப வர எட்டு மாதம் பிடித்ததாம். அந்த எட்டு மாதத்தில் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. வயதானவர்களுக்குப் புதிய தொழில் கற்றுக்கொடுக்கிறோம் என்று திட்டம் போடுகிறவர்கள் கற்கிற காலத்துக் கூலியையும் சேர்த்துப் போட்டால்தான் அது திட்டம். இல்லாவிட்டால் வெறும் உபதேசம்.

ஆண்கள் பக்கத்திலும் இதே கதைதான். இந்த வட்டாரத்து அச்சகங்களில் ஈய எழுத்தைக் கோத்தே கண் மங்கியவர்கள், கம்ப்யூட்டர் வந்தபோது விசைப்பலகை முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர்கள் பிழைத்தார்கள். உட்கார மாட்டேன் என்றவர்களில் சிலர் வாசலில் காவலுக்கு நின்றார்கள்.

சரி, கை தான் பழகிவிட்டதே, ஐம்பத்தேழு வயதில் எழுத்து எதற்கு? மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. பதினைந்து வயதைத் தாண்டிய எவரும் சேரலாம். தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்; கடைசியில் ஒரு பரீட்சையும் உண்டு. சேர்ந்தவர்கள் சொல்லுகிற காரணங்கள் பலவிதம். பஸ் போர்டு படிக்க வேண்டும், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி படிக்க வேண்டும், பாங்கியில் யாரிடமும் பாரத்தை நீட்டக் கூடாது என்றெல்லாம் சொல்கிறார்கள். பெரியம்மா சொன்ன காரணம் இந்த ஊருக்கே உரியது. அதைப் புரிந்துகொள்ள ஒரு பட்டாசு ஆலையின் அமைப்புக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகளாகக் கட்டியிருப்பார்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தீ தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. இரும்புச் சாமான் ஆகாது, பொறி பறக்கும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு; அதைச் சுவரிலே எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் ஏறும். ஆர்டர் ஏற ஏற அறைக்குள் ஆளும் ஏறும். வேலை நிழலுக்காக மரத்தடிக்கும் போகும். சுவரில் எழுதியிருப்பது மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

"அது என்னமோ எழுதியிருக்குன்னுதான் இத்தனை வருசம் நெனச்சிருந்தேன்" என்றார் பெரியம்மா. "சாமி பேரா இருக்கும்னு சில பேரு கும்பிட்டுக்கூட போவாங்க. போன ஆடி மாசம் ஒரு நாள் அதைக் கூட்டிப் படிச்சேன். 'ஆட்கள் நாலு'ன்னு இருந்துச்சு. திரும்பி எண்ணிப் பாத்தேன். என்னோட சேத்து ஆறு பேரு."

"போர்மேனிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். 'உனக்கு எப்ப படிக்கத் தெரிஞ்சுது?'ன்னு கேட்டான்."

"அப்புறம்?"

"நான் எந்திரிச்சு வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல எம் பக்கத்துல இருந்தவளும் வந்துட்டா. உள்ள நாலு பேரு ஆயிப்போச்சு. அன்னைக்குக் கூலி எங்க ரெண்டு பேருக்கும் அரை நாள்தான்."

வகுப்பு நடத்தும் பெண் கரும்பலகையில் புதிய சொல்லை எழுதிவிட்டாள். பெரியம்மா என்னை விட்டுவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நோட்டில் குனிந்தார். 'எச்சரிக்கை' என்ற அந்தச் சொல்லில் ஒற்று இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். பக்கத்திலிருந்தவரின் நோட்டை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் கையால் மறைத்துக்கொண்டாள்.